நுரையீரல் புற்றுநோய்: மரபணுப் பரிசோதனைக்கு பிளாக் வாங்குவது முதல் சரியான மாத்திரை கைக்கு வருவது வரை

பயாப்ஸி ரிப்போர்ட்டில் "அடினோகார்சினோமா" என்று வந்திருக்கிறது, நுரையீரல் புற்றுநோயின் ஒரு வகை அது. மருத்துவர் "மாலிக்யூலர் டெஸ்ட் பண்ணணும், பிளாக் வாங்கிட்டு வாங்க" என்கிறார். மாலிக்யூலர் டெஸ்ட் என்பது மரபணுப் பரிசோதனை, பிளாக் என்பது பயாப்ஸி சதையை மெழுகில் பதித்து வைத்தது. எந்த பிளாக், யாரிடம் கேட்பது, எவ்வளவு ஆகும், எத்தனை நாள் காத்திருப்பது என்று விளக்க அங்கே யாருக்கும் நேரமில்லை. இந்தக் கட்டுரை அந்த நிலையில் நிற்கும் குடும்பத்துக்காக எழுதப்பட்டது. தமிழ்நாட்டு நடைமுறையை வைத்தே சொல்லியிருக்கிறோம்.

ஒன்றை முதலிலேயே மனத்தில் வையுங்கள். இந்த ஓட்டத்தில் பணத்தையும் நாளையும்விட அரிய பொருள் பயாப்ஸியில் எடுத்த அந்தத் துளி சதைதான். பணத்தைப் புரட்டிவிடலாம். சதை தீர்ந்துபோனால் நோயாளி மறுபடி ஊசிக்குப் படுக்க வேண்டும்.

கட்டியின் மரபணுவில் என்ன மாற்றம் இருக்கிறது என்று பார்த்து, அதற்கேற்ற மாத்திரையைத் தேர்ந்தெடுக்கத்தான் இந்த டெஸ்ட். "டெஸ்ட் எதற்கு, மாத்திரையை நேரடியாகவே தொடங்கலாமே" என்று சொல்பவர்கள் இருக்கிறார்கள். 2009-இல் வெளியான ஐபாஸ் ஆய்வு அதற்குத் தெளிவான பதில் தந்துவிட்டது. இஜிஎஃப்ஆர் மரபணுவில் மாற்றம் உள்ளவர்களுக்கு ஜெஃபிடினிப் மாத்திரை சராசரியாக 9.5 மாதம் நோயைக் கட்டுப்படுத்தியது, கீமோ 6.3 மாதம். மாற்றம் இல்லாதவர்களுக்கு அதே மாத்திரை 1.5 மாதம்தான் தாங்கியது, கீமோவோ 5.5 மாதம் தாங்கியது. ஆக, குறி தெரியாமல் கொடுக்கும் மாத்திரை உதவாமல் போவதோடு நிற்பதில்லை, கீமோவுக்கான நேரத்தையும் தின்றுவிடுகிறது.

1. இந்தப் பரிசோதனை உங்களுக்குத் தேவையா?

அடினோகார்சினோமா என்றால் கட்டாயம் தேவை. புகைபிடித்தவர், பிடிக்காதவர், ஆண், பெண், வயது எதையும் பார்க்க வேண்டாம். "இவர் 30 வருஷம் சிகரெட் பிடித்தவர், மாற்றம் இருக்காது" என்று ஊகித்து விடுவது தவறு. நம் நாட்டில் அடினோகார்சினோமா உள்ளவர்களில் ஏறக்குறைய நான்கில் ஒருவருக்கோ அதற்கும் கூடுதலானவர்களுக்கோ இஜிஎஃப்ஆர் மாற்றம் இருக்கிறது. ஏஎல்கே, ஆர்ஓஎஸ்1 போன்ற மற்ற மரபணுக்களில் மாற்றம் உள்ளவர்கள் எண்ணிக்கையில் குறைவு. ஆனால் அவற்றுக்கும் நல்ல மாத்திரைகள் உண்டு.

ஸ்குவாமஸ் வகை என்றால் இளவயதினர், புகைபிடிக்காதவர், பயாப்ஸி மிகச் சிறியதாக இருந்து வகையை உறுதியாகச் சொல்ல முடியாதவர் ஆகியோருக்குச் செய்வது நல்லது. ஸ்மால் செல் வகைக்கு வழக்கமாகத் தேவையில்லை.

அறுவை சிகிச்சையில் கட்டியை முழுவதும் எடுத்துவிட்டார்கள் என்பதற்காக விட்டுவிடாதீர்கள். அவர்களுக்கும் இஜிஎஃப்ஆர், ஏஎல்கே, பிடி-எல்1 (இம்யூனோதெரபி ஊசி பலன் தருமா என்று கணிக்க உதவும் புரதம்) மூன்றையாவது பார்க்க வேண்டும். நோய் திரும்பாமலிருக்கக் கொடுக்கும் மாத்திரை இப்போது இருக்கிறது. அறுவை முடிந்த நிம்மதியில் பல குடும்பங்கள் இதைக் கேட்க மறந்துவிடுகின்றன.

2. பயாப்ஸி இன்னும் நடக்கவில்லை என்றால், முன்பே பேச வேண்டியவை

இந்தக் கட்டத்தில் இருப்பவர்கள் பாக்கியசாலிகள், பாதிச் சிக்கலை இங்கேயே தவிர்த்துவிடலாம். பயாப்ஸி எடுக்கும் மருத்துவரிடம் "மாலிக்யூலர் டெஸ்டுக்கும் சேர்த்து எடுத்துக் கொடுங்கள்" என்று வாய்விட்டுச் சொல்லுங்கள். சி.டி. பார்த்துக்கொண்டே ஊசி போடும் முறையில் பாதுகாப்பாக முடிந்தால் நான்கு முதல் ஆறு துண்டுகள் எடுப்பது நல்லது. அவற்றை ஒரே கேசட்டில் (சதையை வைக்கும் சிறிய பிளாஸ்டிக் பெட்டி) அடைக்காமல் இரண்டு கேசட்டுகளாகப் பிரித்து இரண்டு பிளாக் செய்யச் சொல்லுங்கள். நோயின் வகையைக் கண்டுபிடிக்க ஒன்று, மரபணுவுக்கு ஒன்று. ஒரே பிளாக்காக இருந்தால் வகை காணும் சாயப் பரிசோதனைகளுக்கே மைக்ரோடோம் கத்தி சதையைச் சீவித் தீர்த்துவிடும். அடினோகார்சினோமாவா ஸ்குவாமஸா என்று பிரிக்க டிடிஎஃப்-1, பி40 என்ற இரண்டு சாயங்களே பெரும்பாலும் போதும். பத்துச் சாயம் போட்டுப் பார்த்துவிட்டு "டிஷ்யூ தீர்ந்துபோச்சு" என்று சொல்வது அடிக்கடி நடக்கிறது.

எடுத்த துண்டு எந்தத் திரவத்தில் போகிறது என்று கேளுங்கள். புற்றுநோய்க்கான துண்டு பஃபர் கலந்த 10 சதவீத ஃபார்மலினில் போக வேண்டும். துண்டின் அளவைப்போல் குறைந்தது பத்து மடங்கு திரவம் இருக்க வேண்டும். ஆறு மணி நேரத்துக்குக் குறையாமலும் 72 மணி நேரத்தைத் தாண்டாமலும் ஊற வேண்டும். சனிக்கிழமை மாலை எடுத்து, அடுத்து விடுமுறையும் சேர்ந்து, புதன்கிழமை பிளாக் செய்தால் டிஎன்ஏ சிதைந்துவிடும். டிஎன்ஏவின் செய்தி நகலான ஆர்என்ஏ அதைவிட வேகமாகச் சிதையும். முடிந்தால் வாரத்தின் முதல் பாதியில் பயாப்ஸி நாள் வாங்குங்கள்.

காசநோய் சந்தேகமும் இருந்தால் அதற்கான துண்டை ஃபார்மலினில் போடக் கூடாது, சலைனில் தனியாக அனுப்ப வேண்டும். இரண்டு புட்டியும் மாறிப்போனால் இரண்டு டெஸ்டும் கெடும். புட்டி வெளியே போகுமுன் லேபிளை ஒருமுறை நீங்களே பாருங்கள்.

எலும்பிலிருந்து எடுக்கிறார்கள் என்றால் இன்னும் கவனம் வேண்டும். எலும்பை மென்மையாக்க அமிலத்தில் ஊறவைப்பது வழக்கம், அந்த அமிலம் டிஎன்ஏவை அழித்துவிடும். "இடிடிஏ-வில் டிகால்சிஃபை செய்யுங்கள், மாலிக்யூலர் டெஸ்ட் இருக்கிறது" (டிஎன்ஏவை அவ்வளவாகக் கெடுக்காத இடிடிஏ திரவத்தில் எலும்பை மென்மையாக்குங்கள்) என்று கோரிக்கைப் படிவத்திலேயே மருத்துவரை எழுதச் சொல்லுங்கள். கல்லீரல், கழுத்து நிணநீர்க் கட்டி என்று வேறு இடம் கிடைக்குமென்றால் எலும்பைக் கடைசியாக வைப்பதே நல்லது.

நுரையீரலைச் சுற்றி நீர் கோத்து அதை எடுக்கிறார்கள் என்றால் அந்த நீரைக் கொட்டிவிட விடாதீர்கள். அதில் புற்றுச் செல்கள் இருந்தால் அவற்றைத் திரட்டி மெழுகில் பதித்து "செல் பிளாக்" செய்து அதிலேயே மரபணுப் பரிசோதனை செய்யலாம். ஒரு லிட்டர் நீர் எடுத்து, பத்து மில்லியை மட்டும் சைட்டாலஜிக்கு (செல் பரிசோதனை) அனுப்பிவிட்டு மிச்சத்தை வாளியில் ஊற்றுவதைப் பல வார்டுகளில் பார்க்கலாம். குறைந்தது 50 முதல் 100 மில்லி வரை செல் பிளாக்குக்கு அனுப்பச் சொல்லுங்கள். ஊசிக்குப் படுக்க முடியாத அளவு மூச்சுத் திணறும் நோயாளிக்கு இது பெரிய உதவி.

3. பிளாக்கை வாங்குவது

பிளாக் என்பது மெழுகில் பதித்த சதைத் துண்டு. சிறிய ஒரு பிளாஸ்டிக் கேசட், அதன் ஒரு முகத்தில் மெழுகு, மெழுகுக்குள் பழுப்பு வெள்ளைக் கோடுபோல ஊசித் துண்டு. கேசட்டின் சரிவான விளிம்பில் பயாப்ஸி எண் எழுதியிருக்கும். பயாப்ஸி எங்கே நடந்தது என்பதைவிட, அதைப் படித்துச் சொன்ன பெத்தாலஜி லேப் எது என்பதே முக்கியம். பிளாக் அங்கேதான் இருக்கும். சிறிய மருத்துவமனைகள் வெளி லேபுக்கு அனுப்பியிருக்கும், ரிப்போர்ட்டின் தலைப்பில் அந்த லேபின் பெயர் இருக்கும்.

எடுத்துப் போக வேண்டியவை:

- பயாப்ஸி ரிப்போர்ட்டின் நகல், பயாப்ஸி எண்ணை வட்டமிட்டு
- மரபணுப் பரிசோதனை தேவை என்று புற்றுநோய் மருத்துவர் எழுதிய சீட்டு
- நோயாளி கையெழுத்திட்ட, பிளாக் கேட்கும் கடிதம். நீங்கள் போகிறீர்கள் என்றால் உங்கள் பெயரையும் உறவையும் குறிப்பிட்டு, பெற்றுக்கொள்ள அனுமதிக்கும் வரியும் அதில் வேண்டும்
- நோயாளியின் அடையாள அட்டை நகலும் உங்களுடையதும்

சில லேபுகள் சிறு கட்டணமோ திருப்பித் தரும் முன்பணமோ கேட்கும். அன்றே கொடுப்பவர்கள் உண்டு, இரண்டு நாள் கழித்து வரச்சொல்பவர்களும் உண்டு. போகும் முன் போனில் பேசி, பிளாக் எடுத்து வைத்திருக்கிறார்களா என்று உறுதி செய்துகொள்ளுங்கள்.

கையில் வாங்கியதும் கவுன்டரை விட்டு நகராமல் பாருங்கள்: பிளாக்கில் உள்ள எண்ணும் ரிப்போர்ட்டில் உள்ள எண்ணும் ஒன்றுதானா? எண்ணுக்குப் பின்னால் ஏ, பி, சி என்று இருந்தால் எதில் கட்டி அதிகம்? இந்த இரண்டாவது கேள்வியை யாரும் கேட்பதில்லை. பெத்தாலஜி மருத்துவரிடம் "மாலிக்யூலருக்கு எது சிறந்த பிளாக்" என்று கேட்டு அதையே வாங்குங்கள். ஹெச்&இ என்ற வழக்கமான சாயமிட்ட ஸ்லைடு ஒன்றையும் சேர்த்து வாங்குங்கள்.

பிளாக்கைத் தர மாட்டோம் என்று மறுக்கும் இடங்களும் இருக்கின்றன. அப்போது சாயமிடாத ஸ்லைடுகள் வெட்டித் தரச் சொல்லலாம். எத்தனை, என்ன தடிமன், எந்த வகைக் கண்ணாடி என்பதை மரபணு லேபிடம் முன்பே எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள். பெரும்பாலும் பத்து, பதினைந்து ஸ்லைடு கேட்பார்கள்.

4. எந்த டெஸ்ட்?

இரண்டு வழிகள் உண்டு. ஒன்று, தனித்தனியாக: இஜிஎஃப்ஆருக்கு ஆர்டி-பிசிஆர், ஏஎல்கே, ஆர்ஓஎஸ்1 இரண்டுக்கும் சாயப் பரிசோதனை, பிடி-எல்1. சாயப் பரிசோதனைகள் இரண்டு மூன்று நாளிலும் பிசிஆர் ஒரு வாரத்துக்குள்ளும் வந்துவிடும். ஒவ்வொன்றும் சில ஆயிரம் ரூபாய்.

மற்றொன்று என்ஜிஎஸ். பல மரபணுக்களை ஒரே ஓட்டத்தில் படிக்கும். ஒன்றாகப் பார்க்கும் மரபணுத் தொகுப்பைப் பேனல் என்பார்கள். நுரையீரலுக்கான சிறிய பேனல் பெரும்பாலும் 20,000 முதல் 50,000 ரூபாய்க்குள் இருக்கும். நூற்றுக்கணக்கான மரபணுக்களைப் பார்க்கும் பெரிய பேனல் லட்சத்தை நெருங்கும், தாண்டவும் செய்யும். ரிப்போர்ட் வர 10 முதல் 15 வேலை நாள்.

எங்கள் கருத்து இது. துண்டு சிறியதாக இருந்து, பணத்துக்கும் வழியிருந்தால் நேரே நுரையீரல் பேனல் என்ஜிஎஸ்ஸுக்குப் போங்கள். தனித்தனியாகத் தொடங்கி, எல்லாம் நெகட்டிவ் என்று வந்தபின் என்ஜிஎஸ் செய்யலாம் என்றால் அதற்குள் சதை தீர்ந்திருக்கும், செலவும் இரண்டாகும். பணம் நெருக்கடி என்றால் இஜிஎஃப்ஆர், ஏஎல்கே, ஆர்ஓஎஸ்1 மூன்றை மட்டும் முதலில் செய்யலாம், அதில் வெட்கமோ குறையோ இல்லை. நம்மிடம் எளிதில் கிடைக்கும் மாத்திரைகளில் பெரும்பகுதி அந்த மூன்றுக்கானவைதான். ஐந்நூறு மரபணு பேனல் முதல் தடவையே தேவைப்படுபவர்கள் குறைவு. பேனலின் எண்ணிக்கையைப் பார்த்து மயங்க வேண்டாம்.

என்ஜிஎஸ் செய்வதென்றால் லேபிடம் கேட்க வேண்டிய கேள்வி ஒன்று: "டிஎன்ஏ மட்டுமா, ஆர்என்ஏவும் சேர்த்தா?" ஏஎல்கே, ஆர்ஓஎஸ்1, ரெட், என்டிஆர்கே ஆகியவற்றில் இரண்டு மரபணுத் துண்டுகள் ஒட்டிக்கொள்கின்றன. இந்த ஒட்டலை டிஎன்ஏவில் மட்டும் தேடினால் தவறிப்போக வாய்ப்புண்டு. மெட் மரபணுவின் 14-ஆம் எக்ஸான் (மரபணுவின் ஒரு பகுதி) விடுபடுவதும் அப்படியே. விலை குறைந்த பேனல் என்று வாங்கினால் அதில் ஆர்என்ஏ பகுதி இல்லாமலிருப்பது வழக்கமான பொறி. பிடி-எல்1 தனியாகச் செய்ய வேண்டிய சாயப் பரிசோதனை, பேனல் விலையில் அது சேர்ந்திருக்கிறதா என்றும் கேட்டுக்கொள்ளுங்கள்.

5. லேபும் பணமும்

லேபுக்கு என்ஏபிஎல் (லேபுகளின் தரத்தைச் சோதிக்கும் தேசிய அமைப்பு) அங்கீகாரம் இருக்கிறதா என்று கேட்டால் மட்டும் போதாது. சர்க்கரை டெஸ்டுக்கு அங்கீகாரம் வாங்கிய லேபும் "என்ஏபிஎல்" என்றுதான் சொல்லும். நீங்கள் செய்யப்போகும் இந்த டெஸ்ட் அந்த அங்கீகாரப் பட்டியலில் இருக்கிறதா என்று கேளுங்கள்.

பணம் கட்டும் முன் நான்கு விஷயங்களை எழுத்தில் வாங்குங்கள், வாட்ஸ்அப்பில் வந்தாலும் சரி: மொத்தத் தொகை, ரிப்போர்ட் தரும் நாள், சதை போதவில்லை என்றால் எவ்வளவு பணம் திரும்பும், மிச்சமுள்ள பிளாக் எப்போது திரும்பும். சதை போதாமல் நிற்கும்போது பணத்தைத் திருப்புவதற்குப் பதிலாக ரத்தத்தில் செய்து தருகிறோம் என்பார்கள். கூடுதல் தொகை இல்லாமல் என்றால் ஒப்புக்கொள்ளலாம்.

மருந்து நிறுவனங்கள் சில, இஜிஎஃப்ஆர், ஏஎல்கே போன்ற டெஸ்டுகளின் செலவை முழுவதுமாகவோ பகுதியாகவோ ஏற்கும் திட்டங்களை நடத்துகின்றன. நோயாளி நேரே விண்ணப்பிக்க முடியாது. புற்றுநோய் மருத்துவர் படிவம் நிரப்பினால்தான் நடக்கும். அவரிடம் தயங்காமல் கேளுங்கள். மருத்துவர்கள் இதை மறைப்பதில்லை, கூட்டத்தில் சொல்ல மறந்துவிடுகிறார்கள். முன்பே பணம் கட்டியவர்களுக்கு இந்தத் திட்டம் பின்னோக்கிச் செல்லாது, ஆகவே முதலில் இதைக் கேட்டுவிட்டுப் பிறகு லேபுக்குப் போங்கள்.

6. பிளாக்கை அனுப்பும்போது

பெரும்பாலான லேபுகள் ஆள் அனுப்பி வாங்கிக்கொள்ளும். நீங்களே அனுப்புவதானால் பிளாக்கைச் சிறிய ஜிப் பையில் போட்டு, பஞ்சோ குமிழி உறையோ சுற்றி, கெட்டியான டப்பாவில் வையுங்கள். ஐஸ் தேவையில்லை. வெயில்தான் எதிரி. மெழுகு 60 டிகிரி செல்சியஸ் பக்கம் உருகும். மே மாத மதியத்தில் நிறுத்திவைத்த காரின் டேஷ்போர்டு அந்தச் சூட்டை எட்டிவிடும். பையைக் கையிலேயே வைத்துக்கொள்ளுங்கள்.

டப்பாவுடன் போக வேண்டியவை: டெஸ்ட் கோரிக்கைப் படிவம், நோயாளி கையெழுத்திட்ட ஒப்புதல் படிவம், பயாப்ஸி ரிப்போர்ட், சாயப் பரிசோதனை ரிப்போர்ட். முன்பு ஏதாவது இலக்கு மாத்திரையோ கீமோவோ எடுத்திருந்தால் பெயரும் தேதியும். ஒப்புதல் படிவத்தில் கையெழுத்து விடுபட்டு மூன்று நாள் சும்மா கிடக்கும் பிளாக்குகள் ஏராளம். அனுப்பும் முன் பிளாக்கையும் படிவங்களையும் போனில் படம் எடுத்து வையுங்கள். போய்ச் சேர்ந்த மறுநாளே லேபை அழைத்து, "டியூமர் கன்டென்ட் எவ்வளவு, போதுமா" என்று கேளுங்கள். என்ஜிஎஸ்ஸுக்கு வெட்டும் பகுதியில் சுமார் 20 சதவீதம் புற்றுச் செல்கள் இருந்தால் நல்லது. போதாது என்பதை மூன்றாம் நாளே தெரிந்துகொண்டால் மறுபயாப்ஸிக்கோ ரத்தப் பரிசோதனைக்கோ உடனே திரும்பலாம். கேட்காவிட்டால் பதினைந்தாம் நாள் மின்னஞ்சலில் தெரியும்.

7. ரத்தத்தில் செய்யும் டெஸ்ட்

இதை லிக்விட் பயாப்ஸி என்கிறார்கள். கட்டியிலிருந்து ரத்தத்தில் கலக்கும் டிஎன்ஏவைத் தேடும் முறை. மறுபயாப்ஸி ஆபத்தாக இருக்கும்போதும், சதை தீர்ந்துவிட்டபோதும், அவசரமாக விடை வேண்டும்போதும் பயன்படும். வெறும் வயிறு தேவையில்லை. இதற்கென்றே உள்ள ஸ்ட்ரெக் குழாய்களில், வழக்கமாக 10 மில்லி வீதம் இரண்டு குழாய் எடுப்பார்கள். எடுத்தவுடன் எட்டுப் பத்து முறை மெதுவாகத் தலைகீழாகக் கவிழ்த்துக் கலக்க வேண்டும், குலுக்கக் கூடாது. ஃபிரிட்ஜில் வைக்கவே கூடாது, அறை வெப்பத்திலேயே போக வேண்டும். பழக்கத்தில் குளிர்ப்பெட்டியில் வைத்துவிடும் ரத்தம் எடுப்பவர்கள் உண்டு, அருகில் நின்று சொல்லுங்கள். சாதாரண இடிடிஏ குழாயில் எடுத்தால் சில மணி நேரத்துக்குள் பிளாஸ்மாவைப் பிரித்தாக வேண்டும். வெளியூருக்கு அனுப்புவதற்கு அது சரிப்படாது.

சிகிச்சை தொடங்கும் முன்பே எடுத்துவிடுங்கள். கீமோ ஒரு சுற்று போனபின் ரத்தத்தில் கட்டியின் டிஎன்ஏ குறைந்துவிடும்.

ரிப்போர்ட்டில் "கண்டறியப்பட்டது" என்றால் நம்பலாம். "கண்டறியப்படவில்லை" என்றால் இல்லை என்று பொருளல்ல. நோய் சிறியதாக இருந்தாலோ மூளையில் மட்டும் இருந்தாலோ ரத்தத்தில் தெரியாமல் போகும். அப்போது சதைதான் தீர்ப்பு சொல்ல வேண்டும்.

8. காத்திருக்கும் நாள்களில் செய்யக் கூடாதது

பயாப்ஸியிலிருந்து கணக்கிட்டால்: சதை ரிப்போர்ட்டுக்கு மூன்று முதல் ஐந்து நாள், சாயப் பரிசோதனைக்கு மேலும் இரண்டு மூன்று நாள், பிளாக் வாங்கி அனுப்ப மூன்று நாள், என்ஜிஎஸ்ஸுக்கு இரண்டு முதல் மூன்று வாரம். மொத்தம் ஒரு மாதம் ஆகலாம். குடும்பம் தவிக்கும், புரிகிறது. ஆனால் இந்த இடைவெளியில் நடக்கும் ஒரு தவறு பின்னால் உயிருக்கே உலைவைக்கும்.

பிடி-எல்1 ரிப்போர்ட் முதலில் வந்துவிடும். அதில் எண் உயரமாக இருந்தால் உடனே இம்யூனோதெரபி ஊசி (உடலின் நோய் எதிர்ப்புச் சக்தியைப் புற்றுநோய்க்கு எதிராகத் தூண்டுவது) போடலாம் என்ற பேச்சு எழும். இஜிஎஃப்ஆர், ஏஎல்கே ரிப்போர்ட் வரும்வரை பொறுங்கள். இந்த மாற்றங்கள் உள்ளவர்களுக்கு அந்த ஊசி பெரும்பாலும் பலன் தருவதில்லை. அதைவிட முக்கியமானது: ஊசி உடலில் பல வாரம் தங்கும். அதன்மேல் இஜிஎஃப்ஆர் மாற்றத்துக்கான ஓசிமெர்டினிப் மாத்திரையைத் தொடங்கினால் நுரையீரல் அழற்சி கடுமையாக வரும் ஆபத்து கூடுகிறது. மூச்சுத் திணறல் அதிகமாகி இனியும் காத்திருக்க முடியாது என்றால், இம்யூனோதெரபி சேர்க்காமல் கீமோவை மட்டும் ஒரு சுற்று கொடுத்துவிட்டு ரிப்போர்ட் வந்ததும் மாற்றலாமா என்று மருத்துவரிடம் கேளுங்கள்.

இந்த நாள்களை வீணாக்காமல் மூளை எம்.ஆர்.ஐ., இசிஜி, கல்லீரல் டெஸ்ட் எல்லாம் முடித்து வையுங்கள். மாத்திரையைத் தேர்ந்தெடுக்க அவை எப்படியும் வேண்டும்.

9. ரிப்போர்ட்டைப் படிப்பது

இருபது பக்க ரிப்போர்ட்டில் முதல் இரண்டு பக்கம்தான் உங்களுக்கு. பெயர், வயது, பிளாக் எண் சரிதானா என்று முதலில் பாருங்கள். அடுத்து, தரச் சோதனையில் டிஎன்ஏ, ஆர்என்ஏ இரண்டும் தேறினவா என்று பாருங்கள். ஆர்என்ஏ தேறாமல், கீழே "ஒட்டல் மரபணு எதுவும் கண்டறியப்படவில்லை" என்று அச்சாகியிருந்தால் அது நெகட்டிவ் அல்ல, பார்க்கவே இல்லை என்றுதான் பொருள். ஏஎல்கே, ஆர்ஓஎஸ்1 சாயப் பரிசோதனையைத் தனியே செய்யச் சொல்லுங்கள்.

இஜிஎஃப்ஆர் பாசிட்டிவ் என்ற ஒரு சொல்லோடு நிறுத்தாதீர்கள். எக்ஸான் 19 நீக்கம் அல்லது எல்858ஆர் என்றால் வழக்கமான மாத்திரைகள் நன்றாகக் கேட்கும். எக்ஸான் 20-இல் செருகல் என்றால் ஜெஃபிடினிப், எர்லோடினிப் போன்றவை பொதுவாகக் கேட்பதில்லை, சிகிச்சையே வேறு. இரண்டுக்கும் தலைப்பு "இஜிஎஃப்ஆர் மாற்றம்" என்றுதான் இருக்கும்.

"பொருள் உறுதியாகாத மாற்றம்" என்ற பட்டியல் நீளமாக இருக்கும். அதைப் பார்த்துப் பயப்படவும் வேண்டாம், அதை வைத்து மாத்திரை தேடவும் வேண்டாம். மாற்றத்தின் சதவீதம் 3 என்றோ 5 என்றோ குறைவாக இருந்தால் மாத்திரை கேட்காது என்று முடிவுகட்டிவிடாதீர்கள். எடுத்த துண்டில் புற்றுச் செல்கள் குறைவாக இருந்ததையும் அது காட்டலாம்.

பிள்ளைகளுக்கும் வருமா என்ற கேள்வி எல்லா வீட்டிலும் எழுகிறது. இஜிஎஃப்ஆர், ஏஎல்கே மாற்றங்கள் கட்டியில் புதிதாக உண்டானவை, பெரும்பாலும் பரம்பரையாக இறங்குவதில்லை. பரம்பரையாக இறங்கக்கூடிய பிஆர்சிஏ போன்ற மரபணுவின் பெயர் ரிப்போர்ட்டில் வந்தால் மட்டும் மரபணு ஆலோசகரைப் பாருங்கள். அதை உறுதிசெய்யத் தனி ரத்தப் பரிசோதனை உண்டு.

10. மாத்திரையை வாங்குவதும் தொடங்குவதும்

ஜெஃபிடினிப், எர்லோடினிப் இரண்டும் பல இந்திய நிறுவனங்களின் தயாரிப்பாக மாதம் சில ஆயிரத்துக்குள் கிடைக்கும். ஓசிமெர்டினிப்புக்கு 2024 ஜூலை பட்ஜெட்டில் சுங்க வரி நீக்கப்பட்டது. அப்படியும் அச்சிட்ட விலை மாதத்துக்கு லட்சத்தைத் தாண்டும். அந்த விலையைப் பார்த்து மனம் உடைந்து திரும்ப வேண்டாம். நோயாளி உதவித் திட்டத்தில் சேர்ந்தால் கட்ட வேண்டிய தொகை பெருமளவு குறையும். அதற்கு மரபணு ரிப்போர்ட், மருந்துச் சீட்டு, அடையாள அட்டை, சில திட்டங்களில் வருமானச் சான்று கேட்பார்கள். பதிவாக நாள் பிடிக்கும் என்பதால் ரிப்போர்ட் வந்த அன்றே விண்ணப்பியுங்கள். பில் இல்லாமல் வாட்ஸ்அப்பில் விற்கப்படும் வெளிநாட்டுப் பெட்டிகளை நம்ப வேண்டாம். உள்ளே என்ன இருக்கிறதென்று சோதிக்க வழியில்லை, காப்பீட்டிலும் கேட்க முடியாது.

சாப்பிடும் முறை மாத்திரைக்கு மாத்திரை வேறு. இஜிஎஃப்ஆருக்கான எர்லோடினிப், அஃபாடினிப் வெறும் வயிற்றில். ஏஎல்கேக்கான அலெக்டினிப் உணவோடு, காலை நான்கு மாலை நான்கு என்று எட்டு காப்ஸ்யூல். ஓசிமெர்டினிப் எப்போது வேண்டுமானாலும், தினம் ஒரே நேரத்தில்.

வீட்டில் உள்ள எல்லா மருந்தையும், சித்த மருந்து, கஷாயம் உட்பட, பையில் போட்டு மருத்துவரிடம் காட்டுங்கள். பான்டோபிரசோல், ஒமிப்ரசோல் போன்ற வயிற்று மாத்திரைகள் ஜெஃபிடினிப், எர்லோடினிப் உடலில் சேர்வதைக் குறைக்கும். இருமலும் எக்ஸ்ரேயில் நிழலும் கண்டதும் காசநோய் மருந்து தொடங்கியிருந்தால் அதைத் தவறாமல் சொல்லுங்கள். அதிலுள்ள ரிஃபாம்பிசின் இந்த மாத்திரைகள் பலவற்றின் அளவை ரத்தத்தில் வெகுவாகக் குறைத்துவிடும். ஏஎல்கேக்கான லார்லாடினிப்போடு சேர்ந்தால் கல்லீரலைக் கடுமையாகத் தாக்கும்.

முகத்தில் பரு, வயிற்றுப்போக்கு, நகக்கண் வீக்கம் வரும், பெரும்பாலும் சமாளிக்கலாம். புதிதாக வறட்டு இருமலோ மூச்சுத் திணறலோ வந்தால் அடுத்த மாத்திரையைப் போடாமல் அன்றே மருத்துவரை அழையுங்கள்.

11. காப்பீடும் வரியும்

முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டத்தில் ஆண்டு வருமானம் 1,20,000 ரூபாய்க்குள் உள்ள குடும்பத்துக்கு ஆண்டுக்கு 5 லட்சம் வரை உண்டு. அட்டை இல்லாதவர்கள் குடும்ப அட்டை, கிராம நிர்வாக அலுவலரின் வருமானச் சான்று, ஆதார் ஆகியவற்றோடு மாவட்ட ஆட்சியர் அலுவலகத்திலுள்ள திட்ட மையத்துக்குப் போக வேண்டும். எந்த டெஸ்ட், எந்த மாத்திரை திட்டத்துக்குள் வரும் என்பதை மருத்துவமனையின் காப்பீட்டு மேசையில் பணம் கட்டும் முன் கேளுங்கள்.

தனியார் பாலிசிகளில் டெஸ்டுக்காக மட்டும் போனால் பணம் வராது. மருத்துவமனையில் சேர்ந்த தேதிக்கு முன்னும் பின்னும் குறிப்பிட்ட நாள்களுக்குள், பொதுவாக முன் 30, பின் 60, எடுத்த டெஸ்டாக இருந்து அதே நோய்க்கானதாக இருந்தால் கேட்கலாம். அதனால் லேப் பில்லில் தேதியும் நோயாளி பெயரும் பரிந்துரைத்த மருத்துவர் பெயரும் தெளிவாக இருக்க வேண்டும். மாத்திரைச் செலவு வாய்வழி கீமோதெரபி என்ற தலைப்பில் வரும். உச்சவரம்பு எவ்வளவு என்று நிறுவனத்திடம் மின்னஞ்சலில் கேட்டுப் பதிலைப் பத்திரப்படுத்துங்கள்.

பழைய வருமான வரி முறையில் இருப்பவர்களுக்குச் சிகிச்சைச் செலவுக்காக (1961 சட்டத்தில் 80டிடிபி பிரிவு) 40,000 ரூபாய் வரை, நோயாளி 60 வயதோ அதற்கு மேலோ ஆனவரானால் 1,00,000 வரை கழிவு உண்டு. புற்றுநோய் நிபுணரின் மருந்துச் சீட்டு வேண்டும். காப்பீட்டில் வந்த தொகை அதில் கழியும்.

12. மாத்திரை கேட்காமல் போகும்போது

ஒரு கட்டத்தில் ஸ்கேனில் நோய் மறுபடி வளர்வது தெரியும். அப்போது மாத்திரையை நீங்களாக நிறுத்தாதீர்கள், திடீரென நிறுத்தினால் சிலருக்கு நோய் வேகமெடுக்கும். முன்பு செய்த ரிப்போர்ட்டை வைத்து அடுத்த மருந்தைத் தேர்ந்தெடுக்க முடியாது. கட்டி மாறியிருக்கும், புதிதாகப் பரிசோதிக்க வேண்டும்.

ஜெஃபிடினிப், எர்லோடினிப் எடுத்தவர்களில் ஏறக்குறைய பாதிப் பேருக்கு டி790எம் என்ற புது மாற்றம் வந்திருக்கும், அதற்கு ஓசிமெர்டினிப் கேட்கும். இவர்கள் முதலில் ரத்தத்தில் பார்க்கலாம். வந்தால் ஊசி தேவையில்லை, வராவிட்டால் பயாப்ஸி. ஓசிமெர்டினிப்பையே முதலில் எடுத்தவர்கள் முடிந்தவரை சதையில் பார்ப்பது நல்லது. சிலருக்குக் கட்டி ஸ்மால் செல் வகையாகவே மாறியிருக்கும். அதை நுண்ணோக்கியின் கீழ் சதையை வைத்துத்தான் உறுதியாகச் சொல்ல முடியும், அதற்கான கீமோவும் வேறு. மறுபயாப்ஸி செய்யும்போது மூளை, எலும்பு தவிர்த்து, அண்மையில் வளர்ந்திருக்கும் கட்டியிலிருந்தே எடுக்கச் சொல்லுங்கள். பழைய ரிப்போர்ட்டையும் கூடவே கொடுங்கள். முதல் மாற்றம் எதுவென்று தெரிந்தால்தான் புதிதாக வந்தது எதுவென்று லேப் பிரித்துச் சொல்ல முடியும்.